பட்டுப்புழுவின் வர்க்க பேதங்களும் கலப்பு முட்டையின் பயனும்

ஆரணி நகரத்துத் தறியொன்றில் பாவு இழை அறுந்துபோனால், நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடியெடுத்து முடிந்து, பின்னரே நாடாவை ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் இவ்வாறு பல முறை நேர்ந்தால் கூலி குறைவதோடு சேலையின் அழகும் கெடுகிறது. குற்றம் நெசவாளரின் கையில் இருப்பதாகவோ, நூலை முறுக்கியவரிடத்தில் இருப்பதாகவோ முதலில் எண்ணத் தோன்றும். ஆராய்ந்து பார்க்குமிடத்து, அக்குற்றத்தின் மூலம் பல சமயங்களில் நெடுந்தூரத்திலுள்ள ஒரு குடியானவரின் புழு வளர்ப்பு மனையிலும், அவர் வாங்கிய முட்டையிலுமே அடங்கியிருப்பது புலனாகும்.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, முன்னர் வட ஆர்க்காடு ஜில்லாவிலும், 1989ஆம் வருஷம் முதல் திருவண்ணாமலை மாவட்டத்திலும் சேர்ந்தது. முற்காலத்தில் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்பெற்றிருந்த அவ்வூர், பின்னர்ப் பட்டு நெசவில் புகழடைந்து, தன் பட்டுக்குப் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆரணிச் சேலைக்கு வேண்டிய பட்டு நூல் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்தே வருகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், ஈரோடு, கோயமுத்தூர், திண்டுக்கல், தேனி முதலிய மாவட்டங்களில் முசுக்கட்டை என்னும் மல்பெரி பயிராகிறது. அங்கே குடியானவர்கள் புழு வளர்த்துக் கூடு எடுக்கிறார்கள். கூட்டிலிருந்து நூற்பாளர்கள் நூல் இழுக்கிறார்கள். ஆகவே, நிலமுடையார் ஒருவர் எந்த வர்க்கத்து முட்டையைத் தெரிந்தெடுக்கிறாரோ, அதைப் பொறுத்தே அவருடைய வருமானமும், நூற்பாளரின் லாபமும், நெசவாளரின் கூலியும் அமைகின்றன. இவ்வர்க்க பேதம் எவ்வாறு உண்டாயிற்று, அதனால் விளையும் நன்மை தீமைகள் எவை என்பன இங்கு விளக்கப்படும்.

ஓரினத்துள் பல வர்க்கங்கள்

காங்கயம் மாடும் ஓங்கோல் மாடும் ஓரினத்தைச் சேர்ந்தவையே. இரண்டும் கூடினால் கன்று பிறக்கும். எனினும் உருவிலும், உழைப்பிலும், பாலிலும் அவை வேறுபட்டவை என்பதைக் குடியானவர் அனைவரும் அறிவர். ஓரினத்து உயிர்கள் பல கூட்டங்களாகப் பிரிந்து, நெடுங்காலம் ஒன்றோடொன்று கலவாமல் இனம் பெருக்குமாயின், ஒவ்வொரு கூட்டமும் தான் வாழும் இடத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற குணங்களைப் பெற்று நிலைத்துவிடுகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இக்குணங்களைக் கொண்டுசெல்லும் நுண்ணிய கூறுகளுக்கு மரபணுக்கள் என்று பெயர்.

வேலியோ வரப்போ இல்லாத கடலிலும் இது நிகழ்கிறது. வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஹெர்ரிங் என்னும் மீன் பெருங்கூட்டங்களாக வாழ்கிறது. அது நம் மேற்குக் கடற்கரையில் அகப்படும் மத்திக்கு உறவான மீன். எல்லாக் கூட்டங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் அவற்றுள் சில வசந்த காலத்திலும், சில இலையுதிர் காலத்திலும் முட்டையிடுகின்றன. பால்டிக் கடலில் உப்பு குறைவு; அங்கு வாழும் கூட்டங்கள் அந்நீருக்கு ஏற்ற தேகத்தையும், அக்கடலின் செந்நிறம் கலந்த மங்கிய ஒளிக்கு ஏற்ற கண்ணையும் பெற்றிருப்பதை மரபணு ஆராய்ச்சி வெளிப்படுத்தியிருக்கிறது. ஹெர்ரிங் மீனில் வர்க்க பேதங்கள் உண்டென்று ஜெர்மானிய விஞ்ஞானியாகிய ஹெயின்கே என்பவர் 1898ஆம் வருஷத்திலேயே ஆயிரக்கணக்கான மீன்களை அளந்து எழுதினார். நம் நாட்டிலும் மத்தி மீனின் முழு மரபணுத் தொகுதியை மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 2023ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். கூட்டங்களின் வேற்றுமையை அறியாமல் ஒரு கூட்டத்தையே அளவின்றிப் பிடித்தால் அக்கூட்டம் அழியும். அதன் இடத்தை மற்றொரு கூட்டம் எளிதில் நிரப்பாது. இதுவே மீன்துறையார் இவ்வாராய்ச்சியிலிருந்து கொள்ளும் பாடம்.

கடல் மீனில் இயற்கை செய்ததைப் பட்டுப்புழுவில் மனிதன் செய்தான். பட்டுப்புழு சீன தேசத்துக் காட்டுப்புழுவிலிருந்து சுமார் 5,000 வருஷங்களுக்கு முன்பு வீட்டில் பழக்கப்பட்டது. இன்று அதன் அந்துப்பூச்சிக்குச் சிறகுண்டு. பறக்கும் வலிமை இல்லை. புழு தன் இரையைத் தேடிச் செல்வதும் இல்லை. மனிதன் தழை கொடுத்தாலன்றி அது பிழையாது. ஆதலால் மனிதன் எந்தத் தேசத்துக்கு முட்டையைக் கொண்டுபோனானோ, அங்கங்கே அது தனிக் கூட்டமாகப் பிரிந்து, அந்நாட்டுக்குரிய வர்க்கமாயிற்று. சீன வர்க்கங்கள் பெரும்பாலும் முட்டை வடிவக் கூட்டையும், ஜப்பானிய வர்க்கங்கள் நிலக்கடலைபோல் இடை சிறுத்த கூட்டையும், உஷ்ண தேசத்து வர்க்கங்கள் இரு முனையும் கூர்ந்த சிறு கூட்டையும் கட்டுகின்றன. சீன விஞ்ஞானிகள் 2022ஆம் வருஷத்தில், வளர்ப்பும் காட்டுமாகிய 1,078 பட்டுப்புழு வழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். புறத்தோற்றத்தில் மாத்திரமன்றி, உள்ளமைப்பிலும் இவ்வர்க்கங்கள் வேறுபட்டவை என்பது இதனால் உறுதியாயிற்று.

போக பேதம்

பட்டுப்புழு வர்க்கங்களுள் குடியானவர் முதலில் அறிய வேண்டிய வேற்றுமை, வருஷத்துக்கு எத்தனை போகம் என்பதே. குளிர் மிகுந்த நாடுகளில் ஒருபோக வர்க்கங்கள் உண்டு. அவற்றின் முட்டை இட்டபின் பல மாதம் உறங்கிக் கிடந்து, குளிர்காலம் கழிந்து முசுக்கட்டை துளிர்க்கும்போதே பொரிக்கும். இருபோக வர்க்கங்கள் வருஷத்தில் இரண்டு தலைமுறை பெருகி, பின்பு உறங்குகின்றன. அலுவலகங்களில் பைவோல்டைன் என்று வழங்குவது இவற்றையே. வங்காளம், மைசூர் முதலிய உஷ்ண தேசங்களில் பலபோக வர்க்கங்கள் உள்ளன. அவற்றின் முட்டை உறங்குவதில்லை. இட்ட சுமார் பத்து நாளில் பொரித்துவிடும். ஆதலால் வருஷத்தில் ஐந்து, ஆறு போகம் எடுக்கலாம்.

இவ்வுறக்கத்தில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. முட்டை உறங்குமா உறங்காதா என்பது அதைச் சேர்ந்த ஆண் பூச்சியைப் பொறுத்ததன்று. தாய்ப் பூச்சியைப் பொறுத்தது. அன்றியும், இருபோக வர்க்கத்தில், தாய் தான் முட்டையாயிருந்த காலத்தில் எவ்வளவு உஷ்ணமும் வெளிச்சமும் பெற்றது என்பதைப் பொறுத்து அது பின்னர் இடும் முட்டையின் தன்மை மாறுகிறது. சுமார் 25 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்திலும் வெளிச்சத்திலும் அடைகாக்கப்பட்ட முட்டையிலிருந்து வந்த தாய், உறங்கும் முட்டையை இடும். 15 டிகிரி உஷ்ணத்திலும் இருளிலும் வைக்கப்பட்ட முட்டையிலிருந்து வந்த தாய், உறங்காத முட்டையை இடும். தாயின் மூலம் வரும் இக்குணமே, கலப்பு முட்டை தயாரிப்பதில் எந்த வர்க்கம் தாயாயிருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது.

மைசூர் வர்க்கமும் இருபோக வர்க்கமும்

தென்னிந்தியாவில் பட்டுத் தொழிலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் மைசூர் ராஜ்யத்தில் ஊக்கினார். சென்னை ராஜதானியில் இத்தொழிலுக்குப் பேர்போன இடம், 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா. இப்பகுதிகளில் நெடுங்காலம் வளர்ந்து நிலைத்தது மைசூர் வர்க்கம் எனப்படும் பலபோகப் புழு. அது பசுமை கலந்த மஞ்சள் நிறக் கூடு கட்டும். நம் நாட்டு உஷ்ணத்தையும், தழையின் குறைவையும், நோயையும் ஓரளவு தாங்கும். இவை அதன் சிறப்புகள். ஆனால் கூடு சிறியது; நூலோ சுமார் 350 முதல் 400 மீட்டர் நீளமே வரும். ஒரு கிலோ நூலுக்குப் பத்து கிலோவுக்கு மேற்பட்ட கூடு வேண்டும்.

சீன, ஜப்பானிய வழிவந்த இருபோக வர்க்கங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. கூடு பெரியது, வெண்மையானது. நூல் அறாமல் 1,000 மீட்டருக்குக் குறையாமல் வருவதும் உண்டு. ஒரு கிலோ நூலுக்கு ஆறு கிலோ கூடு ஏறக்குறையப் போதும். நூல் ஒரே சீராயிருப்பதால் பாவுக்கு உகந்தது. இந்திய நெசவூர்கள் பாவுக்கு நெடுங்காலம் சீன தேசத்து நூலை நாடி வந்ததற்கும் இச்சீர்மையே காரணம். எனினும் இப்புழு சுகவாசி. உஷ்ணம் 30 டிகிரிக்கு மேற்பட்டால் தளரும். ஈரம் மிகுந்த காலத்தில் நோய்க்கு எளிதில் இரையாகும். சித்திரை, வைகாசி மாதங்களில் ஓட்டின்கீழ் வெப்பம் தணிக்க வசதியில்லாத மனையில் இதை வளர்ப்பவர், நல்ல முட்டை வாங்கியும் நஷ்டமடையக்கூடும்.

ஒரு வர்க்கத்தில் பிழைக்கும் வலிமை இருக்கிறது. மற்றொன்றில் விளைவு இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் வழியே கலப்பு.

முதற் கலப்பின் பயன்

ஜப்பானிய விஞ்ஞானியாகிய தொயாமா கமெதாரோ என்பவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயாம் தேசத்தில் பட்டுத் தொழிலை வளர்க்க அழைக்கப்பட்டார். அங்கே பல வர்க்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சோதனை செய்து, 1906ஆம் வருஷத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். மெண்டல் என்னும் பாதிரியார் பட்டாணிச் செடியில் கண்ட பரம்பரை விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார். அதோடு, வெவ்வேறு வர்க்கத்துப் பெற்றோருக்குப் பிறந்த முதல் தலைமுறைப் புழுக்கள் வலிமையிலும் விளைவிலும் சிறந்திருப்பதை எடுத்துரைத்து, குடியானவருக்கு அம்முதற் கலப்பு முட்டையையே கொடுக்க வேண்டும் என்றும் கூறினார். ஜப்பான் அரசாங்கத்தார் அதை ஏற்று நடத்தினர். சில பத்து வருஷங்களில் அந்நாட்டில் வளர்க்கப்பட்ட புழு ஏறக்குறைய முழுவதும் முதற் கலப்பாயிற்று. மக்காச்சோளத்தில் கலப்பு விதை பரவியதற்கு முன்பே பட்டுப்புழுவில் அது பரவிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

முதற் கலப்பு வலிமை பெறுவதன் காரணம் அறிவது கடினமன்று. நெடுங்காலம் தனித்து வளர்ந்த ஒவ்வொரு வர்க்கத்திலும் சில குறைகள் மறைந்து தங்கிவிடுகின்றன. ஒரு வர்க்கத்தின் குறை மற்றொன்றில் இருப்பதில்லை. இரண்டும் சேரும்போது, ஒன்றின் குறையை மற்றொன்றின் நற்கூறு மூடிவிடுகிறது. பெற்றோர் எவ்வளவுக்கு வேறுபட்ட கூட்டத்தினரோ, பெரும்பாலும் அவ்வளவுக்கு இப்பயனும் மிகுகிறது.

நம் நாட்டில் மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1961ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. ஜப்பானிய நிபுணர்களின் கூட்டுறவுடன் 1991 முதல் நடந்த திட்டத்தின் காலத்தில், இந்நிலையத்தார் நம் தட்பவெப்பத்துக்கு இயன்ற புதிய இருபோக வர்க்கங்களை உண்டாக்கினார்கள். சி.எஸ்.ஆர். என்னும் எழுத்துக்களோடு எண் சேர்த்து வழங்கும் வர்க்கங்கள் இவையே. இன்று குடியானவருக்குக் கிடைக்கும் கலப்பு முட்டைகளில் முக்கியமானவை இரண்டு வகை.

முதலாவது, மைசூர் வர்க்கத்துப் பெண்ணையும் சி.எஸ்.ஆர். 2 வர்க்கத்து ஆணையும் சேர்த்துப் பெறும் கலப்பு. தாய் பலபோக வர்க்கமாதலால் அதன் முட்டை உறங்குவதில்லை. எக்காலத்திலும் பத்து நாளில் பொரிக்கிறது. ஆணும் பெண்ணும் மாறினால் முட்டை உறங்கிவிடும்; குடியானவர் குறித்த தேதியில் புழு பெற முடியாது. இக்கலப்பு மஞ்சள் நிறக் கூடு கட்டும், உஷ்ணத்தைத் தாங்கும், விளைவில் தூய மைசூர் வர்க்கத்தைவிட மிக உயர்ந்தது. வெப்பம் தணிக்கும் வசதி குறைந்தவர்களுக்கு இது ஏற்றது.

இரண்டாவது, இருபோக வர்க்கங்கள் இரண்டையோ நான்கையோ சேர்த்துப் பெறும் வெண்பட்டுக் கலப்பு. நான்கு வர்க்கக் கலப்பில், சி.எஸ்.ஆர். 6, 26 ஆகிய இரண்டும் ஒரு புறமும், சி.எஸ்.ஆர். 2, 27 ஆகிய இரண்டும் மறு புறமும் முதலில் சேர்க்கப்பட்டு, அவற்றின் சந்ததிகள் மறுபடி ஒன்றுசேர்க்கப்படுகின்றன. பெற்றோரே கலப்பாதலால் அவை திடமாய் வளர்ந்து, மிகுதியாக முட்டை இடுகின்றன. இருபோக முட்டை இயல்பாக உறங்குவதாதலின், இட்ட சுமார் 20 மணி நேரத்தில் வெந்நிலையிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிஷம் நனைத்துக் கழுவி அதன் உறக்கத்தைத் தடுப்பார்கள். இது பழகியவர்கள் தக்க சாதனங்களுடன் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் செய்யத்தக்கதன்று.

இரண்டாம் தலைமுறையில் நேர்வது

கலப்புப் புழு நன்றாக விளைந்ததைக் கண்ட குடியானவர் சிலருக்கு ஓர் எண்ணம் உண்டாகலாம். நெல்லில் நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைப்பதுபோல், நல்ல கூடுகளைப் பொறுக்கி வைத்துப் பூச்சி வெளிவரச் செய்து, அது இடும் முட்டையை அடுத்த போகத்துக்கு வைத்துக்கொண்டால் முட்டைச் செலவு மிச்சமாகுமே என்று அவர் நினைக்கக்கூடும். இந்த எண்ணமே பெருநஷ்டத்துக்கு வித்து.

தொயாமாவின் சோதனையையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் கூடு கட்டும் வர்க்கத்தையும் வெண்கூடு கட்டும் வர்க்கத்தையும் சேர்த்தால், முதல் தலைமுறையில் எல்லாக் கூடும் மஞ்சளாகவே இருந்தன. அம்முதல் தலைமுறையைத் தம்முள் சேர்த்தபோது, இரண்டாம் தலைமுறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 மஞ்சளும் 25 வெண்மையுமாகப் பிரிந்தன. முதல் தலைமுறையில் மறைந்திருந்த வெண்மை மீண்டும் வெளிப்பட்டது. இந்நிறத்தின் வழியும் இப்போது தெளிவாகியிருக்கிறது. மஞ்சள் நிறப்பொருள் முசுக்கட்டைத் தழையிலேயே இருக்கிறது. அதைக் குடலிலிருந்து இரத்தத்தின் வழியாகப் பட்டுச் சுரப்பிக்குக் கொண்டுசேர்க்கும் மரபணு செவ்வையாக உள்ள புழு மஞ்சள் கூடு கட்டும். அது பழுதான புழு, அதே தழையைத் தின்றும் வெண்கூடு கட்டும்.

நிறம் ஒன்றிரண்டு மரபணுக்களைப் பொறுத்தது. கூட்டின் எடை, நூலின் நீளம், நூலின் பருமன், நோய் தாங்கும் வலிமை, முட்டையின் உறக்கம் ஆகியவையோ பல மரபணுக்களைப் பொறுத்தவை. இரண்டாம் தலைமுறையில் அவை அனைத்தும் பிரிந்து பலவிதமாகச் சேருகின்றன. முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஒரே தட்டில் சில புழு தோலுரிக்கையில் சில தின்றுகொண்டிருக்கும். சில பழுத்துக் கூடு கட்ட ஏறும்போது சில இன்னும் தழை கேட்கும். தழையும் வேலையும் இரட்டிப்பாகும். பெருங்கூடும் சிறுகூடும், தடித்த ஓடும் மெலிந்த ஓடும் ஒருங்கே குவியும். முதற் கலப்பில் கண்ட வலிமையிலும் ஒரு பங்கு குன்றிவிடும்.

அக்கூட்டை நூற்பவர் படும் இடர் இன்னும் பெரிது. நூற்குமிடத்தில் பல கூடுகளின் இழைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டே ஒரு நூலாகின்றன. எல்லாக் கூட்டின் இழையும் ஒத்த பருமனும் ஒத்த நீளமும் உடையனவாயின் நூல் சீராக வரும். இல்லையெனில் ஒரு கூடு விரைவில் தீர்ந்துபோக, நூல் அவ்விடத்தில் மெலிந்துவிடும். அம்மெலிந்த இடமே முறுக்கும்போதும் பசை நீக்கிச் சாயமேற்றும்போதும் தப்பி, ஆரணித் தறியில் பாவாக நின்று இழுவை தாங்கும்போது அறுந்துபோகிறது. இவ்வாறு, முட்டையில் மிச்சம் பிடித்த சிறு தொகை, குடியானவருக்குச் சந்தையில் விலைக்குறைவாகவும், நெசவாளருக்குக் கூலிக்குறைவாகவும் பலமடங்காகத் திரும்பி வருகிறது.

பெப்ரின் நோயும் பாஸ்டியர் கண்ட முறையும்

வீட்டில் முட்டை வைத்துக்கொள்வதில் இதனினும் கொடிய அபாயம் ஒன்று உண்டு. அது பெப்ரின் என்னும் நோய். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு, இத்தாலி தேசங்களின் பட்டுத் தொழிலை அந்நோய் ஏறக்குறையப் பாழாக்கிவிட்டது. பிரெஞ்சு அரசாங்கத்தார் வேண்டிக்கொண்டபடி லூயி பாஸ்டியர் 1865ஆம் வருஷத்தில் தென்பிரான்சிலுள்ள அலேஸ் நகரத்துக்குச் சென்று, பல வருஷம் ஆராய்ந்தார். நோயுற்ற புழுவின் கழிவு பட்ட தழையினால் நோய் பரவுவதோடு, நோயுற்ற தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே அது இறங்குகிறது என்றும் அவர் கண்டறிந்தார்.

அவர் வகுத்த பரிகாரம் எளியது. ஒவ்வொரு தாய்ப் பூச்சியையும் தனியாக முட்டையிடச் செய்து, பின்பு அதை அரைத்து, பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். நோயின் நுண்ணிய ஒளிரும் வித்துக்கள் காணப்பட்டால் அதன் முட்டையை எரித்துவிட வேண்டும். இன்றும் முட்டை வித்தகங்களில் தாய்ப் பூச்சிகளைச் சோதித்து நோயற்ற முட்டைத் தொகுதிகளைப் பிரிக்கும் வேலை இத்தத்துவத்தைக் கொண்டே நடக்கிறது. இந்நோய் கண்ட புழுவைக் குணப்படுத்தும் மருந்தை நம்பித் தொழில் நடத்துவதற்கில்லை. நோயற்ற தாயின் முட்டையே அதற்குக் காப்பு. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் பூச்சியிலும் நோய் இருக்கலாமாதலால், வீட்டில் முட்டை எடுப்பவர் அதை அறிய வழியில்லை. ஒருவர் வீட்டில் மறைந்திருந்த நோய், தட்டு, கூடை, கூடு ஏற்றும் சந்திரிகை இவற்றின் வழியாக ஊர் முழுவதும் பரவிவிடும்.

தாய் வர்க்கங்களைக் காத்தல்

முதற் கலப்பின் பயன் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவதால், ஒவ்வொரு போகத்துக்கும் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தாய் வர்க்கமும் தந்தை வர்க்கமும் என்றும் கலவாமல் இருத்தல் அவசியம். எல்லோரும் கலப்பையே வளர்த்து, மூல வர்க்கங்கள் கெட்டுவிட்டால், பிறகு கலப்புக்கும் இடமில்லை. கிணற்று நீரை இறைக்கிறவர் ஊற்றுக்கண்ணைத் தூர்த்துவிடுவது போன்றது அது.

இதை உணர்ந்தே மைசூர் ராஜ்யத்தில் 1959ஆம் வருஷத்தில் பட்டுப்புழு முட்டையையும் கூட்டையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஏற்பட்டது. குனிகல், மாகடி முதலிய பகுதிகள் தூய மைசூர் வர்க்கத்தின் வித்துக்கூடு விளைவிக்கும் இடங்களாகப் பேணப்பட்டு வந்திருக்கின்றன. அங்குள்ள குடியானவர் விளைவு குறைந்த வர்க்கத்தை வளர்த்தாலும், அவர்களுடைய கூடு நூற்பதற்கன்றி முட்டைக்கே போவதால் தனி மதிப்புப் பெறுகிறது. தமிழ்நாட்டில் ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மூல வர்க்கப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. உள்நாட்டு, வெளிநாட்டுப் பட்டுப்புழு வர்க்கங்களும் முசுக்கட்டை வகைகளும் அங்கே தனித்தனியே காக்கப்படுகின்றன. ஒரு வர்க்கத்தைச் சில பூச்சிகளைக் கொண்டே பெருக்கினால், நெருங்கிய உறவிற் சேர்க்கை மிகுந்து அது வலிமை குன்றும். ஆதலால் பல குடும்பங்களாகப் பிரித்து வளர்த்துக் குணங்களை அளந்து பதிவு செய்வது அத்தகைய நிலையங்களின் இடைவிடா வேலை.

2006ஆம் வருஷத்தில் மத்தியப் பட்டு வாரியச் சட்டம் திருத்தப்பட்டு, பட்டுப்புழு முட்டையின் தரத்துக்கும், அதை உற்பத்தி செய்வோரும் விற்போரும் பதிவு பெறுவதற்கும் விதிகள் ஏற்பட்டன. குடியானவர் இவ்விதிகளைத் தம் காப்பாகக் கருத வேண்டும்.

புழு வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

1. அரசாங்க வித்தகம் அல்லது பதிவு பெற்ற வித்தகத்து முட்டையையே வாங்க வேண்டும். வர்க்கத்தின் பெயர், தொகுதி எண், முட்டையிட்ட தேதி ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாம் தோலுரிப்புக்குப் பின் புழு வாங்குவோரும் இவ்விவரங்களைக் கேட்கத் தயங்கலாகாது.

2. தம் மனைக்கும் பருவத்துக்கும் ஏற்ற வர்க்கத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். காற்றோட்டமும், வெப்பம் தணிக்கும் வசதியும், நீர்ப்பாசனத் தழையும் உடையவர் வெண்பட்டுக் கலப்பை வளர்க்கலாம். அவை குறைந்தவர் கோடையில் மைசூர் கலப்பை வளர்ப்பது நலம்.

3. முட்டையைச் சுமார் 25 டிகிரி உஷ்ணத்திலும் நூற்றுக்கு 80 பங்கு ஈரத்திலும் வைக்க வேண்டும். பொரிப்பதற்கு முன் முட்டை நீலம் பாய்ந்ததும் கருங்காகிதத்தால் மூடி இருளில் வைத்து, குறித்த நாள் காலையில் வெளிச்சம் படத் திறந்தால் புழு யாவும் ஒருசேரப் பொரிக்கும்.

4. இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி உஷ்ணமும், முதிர்ந்த புழுவுக்கு 24 முதல் 25 டிகிரியும் தக்கவை. தின்னும் தழையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே செலவாகுமாதலால், அக்காலத்துக்குப் போதுமான தழை உண்டா என்று பார்த்தே முட்டை வாங்க வேண்டும்.

5. இரண்டு வர்க்கத்துப் புழுக்களை ஒரே தட்டில் கலக்கலாகாது. கூடுகளையும் கலந்து சந்தைக்குக் கொண்டுபோகலாகாது. தர்மபுரி போன்ற அரசாங்கக் கூட்டுச் சந்தைகளில் சீரான கூட்டுக்கே நல்ல விலை உண்டு.

6. கலப்புக் கூட்டிலிருந்து முட்டை எடுத்து வைக்கவோ, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவோ கூடாது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

பதிவு விவரமின்றி மலிவாக முட்டை விற்போர் ஊருக்குள் வந்தால், குடியானவரை எச்சரித்து, பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே ஊரில் பல மனைகளில் புழு ஒருசேர மடிந்தால், அதை அவரவர் விதியென்று விட்டுவிடாமல், எந்தத் தொகுதி முட்டை, எந்தத் தேதியில் வாங்கியது என்பவற்றைப் பதிவு செய்து உடனே அறிவித்தல் நலம். தொகுதி எண்ணைக் கொண்டே நோயின் மூலத்தைக் கண்டு, அதே முட்டை வாங்கிய பிற ஊராரையும் காக்க இயலும். முசுக்கட்டை புதிதாகப் பயிரிடுவோருக்கு, முதல் போகத்துக்கு முன்பே முட்டையைப் பற்றிய இவ்விஷயங்களை எடுத்துரைப்பதும் அவர்கள் கடமையாகும்.

நெல்லுக்கும் கரும்புக்கும் நல்ல விதை தேடும் குடியானவர், பட்டுப்புழுவில் மாத்திரம் விதையை அலட்சியம் செய்வது தகாது. ஒரு முட்டைத் தொகுதியில் நானூறு, ஐந்நூறு உயிர்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றின் வலிமையும், நூலின் நீளமும், தறியில் பாவின் உறுதியும் அந்த முட்டையிலேயே பெரும்பாலும் நிச்சயிக்கப்பட்டுவிடுகின்றன. மனையும் தழையும் உழைப்பும் அதை வெளிக்கொணருமேயன்றி, இல்லாததை உண்டாக்கமாட்டா. ஆதலின் போகந்தோறும் சோதித்த புது முட்டையை வாங்குதலே பட்டு விளைவிப்போருக்கும், அவர்களை நம்பித் தறியேறும் ஆரணி நெசவாளருக்கும் நன்மை பயக்கும்.